ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம்: வயது யாருக்கு முடிந்திருக்கிறது?

கேள்வி: எங்களுக்கு மண்டபம் பக்கம் கடலோரக் கிராமம். கணவருக்கு விசைப்படகில் பங்கு இருக்கிறது. மகள் பிளஸ் டூ முடித்து ஒரு வருடமாக நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அரசுப் பள்ளியில் படித்தவள். பள்ளிச் சான்றிதழில் அவள் பிறந்த தேதி 25.5.2008. ஆஸ்பத்திரியில் பிறந்தபோது வாங்கிய பிறப்புச் சான்றிதழில் 20.11.2008. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கையில் வயது பத்தவில்லை என்று மாற்றி எழுதியது. என் நாத்தனார் மகனுக்கு (29 வயது) அவளைக் கேட்கிறார்கள். பதிலுக்கு நாத்தனார் மகளை (23 வயது) என் மகனுக்கு எடுக்கச் சொல்கிறார்கள். மகன் பிறந்தது 3.2.2006. மீன்பிடித் தடைக்காலம் முடியுமுன் ஜூன் முதல் வாரத்தில் ஒரே பந்தலில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று பேச்சு. “பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட்ல பதினெட்டு முடியுது, பையன் வயச யாரு பார்க்கப் போறா, கோயில்ல தாலியைக் கட்டிட்டு அடுத்த வருசம் பதிஞ்சுக்கலாம்” என்கிறார் நாத்தனார் வீட்டுக்காரர். இருபது தாண்டினால் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்கிறார் மாமியார். செய்யலாமா? எந்த வயதுதான் சரி?

பதில்: அன்புள்ள சகோதரி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வைகாசியில் இரண்டு கல்யாணத்தில் ஒன்றுகூட நடக்கக் கூடாது. ஜூன் முதல் வாரத்தில் உங்கள் மகளுக்கு வயது பதினேழரை. மகனுக்கு இருபது வயதும் நான்கு மாதமும். சட்டம் பெண்ணுக்கு 18 என்றும் ஆணுக்கு 21 என்றும் கேட்பது நிறைந்த வயதை. “பதினெட்டு நடக்குது” என்பது கணக்கில் வராது. மகளுக்கு அது 20.11.2026 அன்றும், மகனுக்கு 3.2.2027 அன்றும்தான் நிறைகிறது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 15-இல் படகுகள் மறுபடி கரையேறும்போது இருவருமே அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். ஒரு வருடம் பொறுத்தால் சட்டச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது உண்மை. அது தீர்ந்தால் மட்டும் போதுமா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த இரண்டு தேதிகள். இது உங்கள் வீட்டில் மட்டும் உள்ள சங்கதி அல்ல. ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் பிறந்த பிள்ளைகளுக்கு மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துவிடுவது நெடுநாள் பழக்கம். உங்கள் மகள் 2013 ஜூனில் சேர்ந்திருந்தால் அப்போது அவளுக்கு நாலரை வயதுதான். ஆறு மாதத்தைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். அந்தத் தேதியே பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றுக்கும் மற்ற அட்டைகளுக்கும் போயிருக்கும்.

“பள்ளிச் சான்றுதான் செல்லும்” என்று உங்களிடம் சொன்னவர் முழுப்பொய் சொல்லவில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, வயதில் சந்தேகம் வந்தால் முதலில் பள்ளிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றையோ பார்க்கச் சொல்கிறது. அது இல்லாதபோது உள்ளாட்சி தருகிற பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்றுதான் பலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் புகார் என்று ஒன்று வந்துவிட்டால் பிறப்புப் பதிவேடும் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் பதிவும் மேசைக்கு வரும். பிறந்த நேரத்திலேயே பதிவான தேதிக்கும், நாலரை வருடம் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் வாய்ச்சொல்லாகக் கொடுத்த தேதிக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த அதிகாரியும் கேட்பார். இன்னொன்று: கல்யாணத்தை நடத்திவைத்தவர், “இது குழந்தைத் திருமணம் இல்லை என்று நம்பினேன்” எனக் காரணத்தோடு நிரூபித்தால் சட்டம் அவரை விட்டுவிட இடம் தருகிறது. பெற்ற தாய் அப்படிச் சொல்ல முடியாது. எது உண்மையான தேதி என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: கையில் இரண்டு தேதி இருந்தால் பிந்திய தேதிதான் கணக்கு. ஆதார் அட்டையை நம்பி இறங்க வேண்டாம். அது பிறந்த தேதிக்கான சான்று ஆகாது என்று ஆதார் ஆணையமே சொல்லியிருக்கிறது. ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள், அதில் பெரும்பாலும் உண்மையான தேதிதான் இருக்கும்.

இனி, மீறினால் என்ன ஆகும் என்பது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இல் வந்தது, 2007 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மகள் விஷயத்தில் 29 வயது மாப்பிள்ளைக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்திவைத்தவருக்கும் உடந்தையாக இருந்தவருக்கும் அதே அளவு. மண்டபக்காரரும் பூசாரியும் இப்போதெல்லாம் சான்றிதழ் கேட்பது இதற்குப் பயந்துதான். பெற்றோருக்கும் அதே தண்டனைதான். ஒரு விலக்கு, பெண்களுக்கு இந்தக் குற்றத்தில் சிறை கிடையாது, அபராதம் மட்டும். அதாவது மாமியாரும் நாத்தனாரும் நீங்களும் வீட்டில் இருப்பீர்கள், உள்ளே போவது உங்கள் கணவரும் மச்சானும். பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் கேட்டுப் பெற வேண்டிய குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் வந்தால் போதும். மாவட்ட சமூக நல அலுவலர்தான் இதற்கான தடுப்பு அலுவலர். போலீஸோடு பந்தலுக்கு வருவார். நீதித்துறை நடுவரிடம் தடை உத்தரவு வாங்கிய பிறகும் தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. பரிசம் போடுவதற்குத் தனியாகத் தண்டனை இல்லை. ஆனால் பரிசத்தை வைத்தே “ஏற்பாடு நடக்கிறது” என்று தடை உத்தரவு வாங்க முடியும். பரிசத்தையும் நிறுத்தி வையுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து கல்யாணத்தன்று வருவதில்லை, அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் வருகிறது. பெண் முழுகாமல் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிய வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்று வாங்குவதே சிரமம். பதிவில் வயது எழுதுவார்கள். 18 நிறையாத பெண் கர்ப்பம் என்று தெரிந்தால் மருத்துவர் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அவர் மீதே வழக்கு. கணவனாக இருந்தாலும் 18 வயதுக்குக் கீழான மனைவியோடு உறவு கொள்வது குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அதே வயதுதான் எழுதப்பட்டிருக்கிறது. போக்சோ சட்டத்தில், சிறுமியைக் கருவுறச் செய்த குற்றத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு. “சொந்தம், சம்மதம், ஊரறிய நடந்தது” என்பதெல்லாம் அங்கே எடுபடாது. உங்கள் நாத்தனார் தன் மகனுக்காகவே இந்த ஒரு பத்தியைப் படிக்க வேண்டும். உங்கள் வீட்டாரை விட அவர் வீட்டுக்குத்தான் இதில் இழப்பு அதிகம்.

மகன் விஷயம் கொஞ்சம் வேறு. பையனின் வயதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது தவறு. 21 நிறையாத ஆணும் இந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான். 18-க்கும் 21-க்கும் இடையில் உள்ள ஆண், வயது வந்த பெண்ணைக் கட்டினால் அந்த ஆணை மாப்பிள்ளைக்குரிய பிரிவில் தண்டிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதனால் உங்கள் மகன் சிறைக்குப் போகமாட்டான். ஆனால் பெற்றோர், நடத்திவைத்தவர் என்ற பிரிவுகள் அப்படியே நிற்கின்றன. தவிர, குழந்தையாக இருந்தபோது நடந்த கல்யாணத்தை அந்தத் தரப்பே பின்னால் நீதிமன்றம் போய் ரத்து செய்யக் கேட்கலாம். ரத்தானால் போட்ட நகை, கொடுத்த பணம், சீர் எல்லாம் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் ஒரு நகை திரும்பினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மணமகள் அவனைவிட இரண்டரை மூன்று வயது மூத்தவள் என்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி தயக்கம் தெரிகிறது. அதில் சட்டத் தடையும் இல்லை, மருத்துவத் தடையும் இல்லை. 23 வயதுப் பெண் கல்யாணத்துக்குத் தயாராக இருக்கலாம். தயாரில்லாதவன் உங்கள் மகன். கடலுக்குப் போகத் தொடங்கிய பையன், பங்கில் வருகிற பணத்தில் தன் செலவு போக வீட்டுக்கு மாதம் எவ்வளவு தருகிறான் என்று ஆறு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அந்த இரண்டு மாதமும் படகு ஓடாது. வேறு கூலி வேலை கிடைத்தால் உண்டு. நோட்டில் உள்ள தொகை அந்த 61 நாளையும் தாங்குமா என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

கோயிலில் தாலி கட்டிவிட்டு அடுத்த வருடம் பதிவு செய்யலாம் என்கிற யோசனை நடக்காது. அறநிலையத் துறைக் கோயிலில் கல்யாணம் நடத்தவே இருவரின் வயதுச் சான்றும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவர் கல்யாணமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். 90 நாளுக்குள் பதிவது முறை, தவறினால் மேலும் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு. பதிவாளர் பார்ப்பது நீங்கள் வரிசையில் நிற்கிற நாளில் என்ன வயது என்பதை அல்ல, தாலி கட்டிய நாளில் என்ன வயது என்பதை. பத்திரிகையில் தேதி இருக்கும். தேதியை மாற்றி எழுதிக் கொடுத்தால் பொய் உறுதிமொழி என்று இன்னொரு வழக்கு. பதியாமலே விட்டுவிட்டால் விபத்து இழப்பீடு போன்றவற்றில் முட்டும். கடலில் தொழில் செய்கிற வீட்டில் கணவனுக்கு ஒன்று என்றால், மனைவி என்பதற்கு முதலில் நீட்ட வேண்டிய காகிதம் அதுதான்.

பக்கத்து ஊர்களில் வேறு மாதிரி நடக்கிறதே என்று யாராவது சொல்லலாம். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் நிக்காஹ் நடந்தாலும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் மூன்று ஞாயிறு ஓலை (தேவாலயத்தில் திருமண அறிவிப்பு) வாசித்துப் பூசையில் நடந்தாலும் இதே 18, 21 தான். இந்தச் சட்டம் இஸ்லாமியருக்கும் பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2015-இல் சொல்லியிருக்கிறது. திருச்சபைச் சட்டத்தில் இதைவிடக் குறைந்த வயது எழுதியிருந்தாலும் பங்குத்தந்தை நாட்டுச் சட்டத்தின் வயதைப் பார்க்காமல் ஓலை வாசிக்கமாட்டார்.

இனி உடம்பு. பதினெட்டு என்பது சட்டம் போட்ட கீழ்க்கோடு, பிள்ளை பெறத் தகுந்த வயது என்று யாரும் அதை வைக்கவில்லை. பெண்ணின் உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பு சில வருடம் விரிகிறது. பதின்ம வயதுப் பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது, குறைமாதம், எடை குறைந்த குழந்தை, வழி அடைத்துப் பிரசவம் நீள்வது ஆகியவை இருபதுகளில் இருப்பவர்களை விட அதிகம். அதோடு நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11. நண்டு கம்பெனியில் காலையிலிருந்து நின்றுகொண்டே ஓடு உடைக்கிற பெண்ணுக்குக் காலைச் சாப்பாடு பெரும்பாலும் ஒரு டீயும் வடையுமாகப் போய்விடுகிறது. வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை என்பதால் சத்துக்கும் பஞ்சமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள், செலவு இல்லை. 12-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். டீயோடு போடக் கூடாது, டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் கூட இருந்தால் நல்லது. எண்ணிக்கை ஏறிய பிறகும் மூன்று மாதமாவது தொடர வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு.

அரசின் மகப்பேறு உதவியும் இதே வயதைத்தான் நினைவுபடுத்துகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கிறது. ஆனால் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். பதினெட்டு முடிந்த மறுநாள் கட்டிக் கொடுத்து உடனே கருத்தரித்தால் அந்த உதவி கைவிட்டுப் போகும்.

மாமியார் சொல்கிற மறுபக்கத்துக்கும் பதில் வேண்டுமல்லவா? வயது ஏற ஏறக் கருத்தரிப்பது கடினம் என்பது உண்மைதான், ஆனால் அவர் சொல்கிற இருபதில் அது தொடங்குவதில்லை. முப்பது வரை பெரிய மாற்றம் இல்லை. பிறகு மெல்லக் குறைந்து 35-க்கு மேல் வேகமாகக் குறைகிறது. டவுன் நோய்க்குறியோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதுத் தாய்க்கு ஏறக்குறைய 1,250-இல் ஒன்று, 35-இல் சுமார் 350-இல் ஒன்று, 40-இல் நூற்றுக்கு ஒன்று. எனவே பெண்ணுக்கு 21 முதல் 27 வரை, ஆணுக்கு 24 முதல் 30 வரை என்றால் உடம்பும் வருமானமும் ஒத்துப்போகிற காலம். இது என் கணிப்பு, சட்டம் அல்ல. பெண்ணுக்கும் 21 ஆக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமல் காலாவதியாகிவிட்டது, ஆகவே இன்றைக்குச் சட்டம் 18 தான். மாமியாரின் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1930-இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றது, 1949-இல் 15 ஆனது, 1978-இல்தான் 18. அவர் பார்த்து வளர்ந்த ஊரில் பதினைந்து பதினாறில் கட்டிக் கொடுப்பது சாதாரணம். இன்றைக்குத் தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 18-க்கு முன் கல்யாணமானவர்கள் நூற்றில் பதின்மூன்று பேர்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. மீதி 87 பேரும் கட்டிக்கொள்ள ஆளில்லாமல் நிற்கவில்லை.

கணவர் அவசரப்படுவதற்கு இன்னொரு காரணம் இருக்கலாம், கடிதத்தில் அது இல்லை. கடலுக்குப் போகிற தகப்பன்கள் சொல்வது: “நான் இருக்கையிலேயே ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துறணும்.” எல்லை தாண்டிப் பிடிபடுவதும் படகு போவதும் நடக்கிற இடத்தில் அந்தப் பயம் நியாயமானது, அதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். ஆனால் அதற்கு மருந்து மகளைச் சீக்கிரம் அனுப்புவது அல்ல. மாப்பிள்ளையும் அதே கடலுக்குத்தான் போகிறார், அதுவும் அவளைவிடப் பதினொன்றரை வயது மூத்தவர். தகப்பனுக்கு ஒன்று ஆனால் மகள் தன் காலில் நிற்க முடிகிற மாதிரி ஒரு படிப்போ வேலையோ இருப்பதுதான் உறுதி. கணவர் மீனவர் நல வாரியத்தில் உறுப்பினரா, குழு விபத்துக் காப்பீட்டில் பெயர் இருக்கிறதா, வாரிசாக யார் பெயர் போட்டிருக்கிறார் என்பதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

வயது இடைவெளியைப் பற்றி. பதினொரு வயது வித்தியாசம் சட்டப்படி தவறில்லை. ஆனால் பதினெட்டில் இருப்பவளும் முப்பதில் இருப்பவரும் ஒரு வீட்டில் இருந்தால் பணம், பிள்ளை, அம்மா வீட்டுக்குப் போவது எல்லாவற்றிலும் அவர் சொல்லே முடிவாகும். முப்பது வயது மாப்பிள்ளை வீட்டில் “சீக்கிரம் ஒரு பிள்ளை” என்ற நெருக்கடியும் முதல் மாதத்திலேயே தொடங்கும். அவருக்கு அது அவசரமாக இருக்கலாம், அவள் உடம்புக்கு அல்ல. அத்தை மகன் என்பதால் இன்னொரு சங்கதியும் உண்டு. அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறவர்கள். பிறவிக் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு சொந்தமல்லாதவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், இவர்களுக்கு ஏறக்குறைய அதன் இரு மடங்கு. இரண்டு குடும்பத்திலும் பிறவியிலேயே காது கேளாதவர், சிறு வயதில் பார்வை போனவர், காரணம் தெரியாமல் இறந்த குழந்தை யாராவது இருந்தால் கல்யாணத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது அவசியம். உங்கள் வீட்டில் இரண்டு ஜோடிகளுமே இதே உறவு என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலாக என்னைக் கவலைப்படுத்துவது அந்த ஒரே பந்தல்தான். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது செலவு பாதியாகிறது, நகைப் பேச்சு இரண்டு பக்கமும் சமமாகிவிடுகிறது, அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? ஒரு ஜோடிக்குள் சண்டை வந்து ஒரு பெண் பெட்டியோடு திரும்பினால், மறுவாரம் இன்னொரு பெண்ணையும் அனுப்பிவிடுகிறார்கள். அவளுக்கும் அவள் கணவனுக்கும் இடையில் ஒரு குறையும் இருக்காது. இருபது வயதுப் பையனும் பதினேழரை வயதுப் பெண்ணும் இருக்கிற இந்த ஏற்பாட்டில் முதல் வருடத்தில் சண்டை வராமல் இருப்பதுதான் அதிசயம். இரண்டையும் பிரியுங்கள். ஒரு கல்யாணம் நடந்து குறைந்தது ஒன்றரை இரண்டு வருடம் கழித்து மற்றதைப் பேசலாம். நாத்தனார் மகளுக்கு 23 ஆகிவிட்டதால் அவரால் காத்திருக்க முடியாது என்றால், வேறு நல்ல இடம் வந்தால் முடிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்காக அவளை நிறுத்திவைப்பதும் நியாயமில்லை.

எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் கஷ்டமான இடம். நீங்களாகப் போய்ப் பேசாதீர்கள். தம்பி வீட்டுக்காரிக்கு மனமில்லை என்று கதை கட்டிவிடுவார்கள். கணவர் தன் அக்காவிடம் நேரில் சொல்லட்டும். இப்படி ஒரு பேச்சு போதும்: “அக்கா, பிள்ளைக்கு பர்த் சர்டிபிகேட்ல நவம்பர்லதான் பதினெட்டு முடியுது. யாராவது ஒரு போன் போட்டா மாப்பிள்ளையத்தான் முதல்ல கூட்டிட்டுப் போவாங்க. உன் மகனை நான் அந்த இடத்துல நிறுத்தமாட்டேன். இப்ப பரிசமும் வேண்டாம். பிள்ளை படிக்கட்டும், பிறகு அவள் மனசைக் கேட்டுப் பேசுவோம்.” பெண் தரமாட்டேன் என்ற சொல் இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் நல்லது. மண்டபத்துக்கும் சமையலுக்கும் முன்பணம் கொடுத்திருந்தால் பத்திரிகை அடிக்கும் முன்பே போய்க் கேளுங்கள். தடைக்கால முகூர்த்தத்துக்கு வேறு ஆள் உடனே வந்துவிடுவார்கள், பெரும்பாலும் முழுப் பணமோ பாதியோ திரும்பக் கிடைக்கும்.

அதற்கு முன் ஒரு வேலை. மகளிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் நாத்தனார் சொன்னது, மாமியார் சொன்னது எல்லாம் இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அப்பாவும் பாட்டியும் இல்லாத நேரத்தில், நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது கேளுங்கள். “உனக்குச் சம்மதந்தானே” என்று கேட்டால் தலையைத்தான் ஆட்டுவாள். “இப்ப கல்யாணம் இல்லேன்னா அடுத்த மூணு வருசம் என்ன செய்வே” என்று கேளுங்கள்.

படிக்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு வழக்கமாக மே மாதம் இணையவழி விண்ணப்பம் தொடங்கும். பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் ஆனது தடையில்லை. ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பெண்கள் மட்டும் படிக்கிற இடம் வேண்டுமென்றால் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். இடைவெளி விட்டுச் சேர்வதால் என்ன காகிதம் கூடுதலாக வேண்டும் என்பதைச் சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அவள் பெயரில் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு வைத்திருந்தால், அதைக் கல்யாணத்துக்கு என்று உறவுக்காரர்கள் கண்வைத்திருப்பார்கள். 18 நிறையாமல் கல்யாணத்துக்கென்று அந்தக் கணக்கை முடிக்க முடியாது. வயதுச் சான்றும் உறுதிமொழியும் கேட்பார்கள், கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்பு வரைதான் அவகாசம். ஆனால் படிப்புக்கு என்றால் பத்தாம் வகுப்பு தேறிய பிறகு, முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த தொகையில் பாதி வரை இப்போதே எடுக்கலாம். கல்லூரியின் சேர்க்கைக் கடிதமும் கட்டண ரசீதும் கொண்டு போக வேண்டும்.

எப்போது நடந்தாலும், கல்யாணம் முடிந்த கையோடு சுகாதார நிலையத்துக்கு இருவரும் ஒருமுறை போய்வரட்டும். முதல் பிள்ளையைத் தள்ளிப்போட ஆணுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை (முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று) எல்லாம் இலவசம். பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு, கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டும்.

பதிவுக்குப் போகும்போது இருவரின் பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மகளின் பள்ளிச் சான்றிலும் பிறப்புச் சான்றிலும் தேதி வேறாக இருப்பதை முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள தேதியைத் திருத்துவது எளிதல்ல, பலருக்கு உரிமையியல் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். இரண்டு தேதிப்படியும் வயது தாண்டிய ஒரு நாளில் கல்யாணம் நடந்திருந்தால், அந்த வித்தியாசத்தால் பதிவாளருக்கு வயதில் ஆட்சேபம் சொல்ல இடமிருக்காது.